கேக் அச்சு என்று களிமண் அச்சை விற்கிறார்கள்: எல்லையோரத்துச் சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எல்லைக்கு அப்பால், கேரளத்தில் பேக்கரிப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில், ஃபாண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவு) கேக்குக்கான கட்டர் (வடிவம் வெட்டும் அச்சு), எம்பாசர் (எழுத்தோ கோலமோ பதிக்கும் அச்சு) தொகுப்பு என்று சொல்லி, கைவினைக் களிமண் வேலைக்குப் பயன்பட்ட அச்சுகளைப் புதிய உறையில் போட்டு என்னிடம் விற்றார்கள். யாரோ வாங்கிப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தவை அவை. கூடவே கொடுத்த தங்கத் தூளோ உண்ணத் தகாதது. அதைச் சொல்லும் வரியின் மேலேயே விலைச் சீட்டை ஒட்டி மறைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் புதுநன்மை, அதாவது பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்கும் சடங்கு, நடக்கும். எல்லைக்கு இரு புறமும் உறவுகள் உள்ள ஊர்கள் இவை. ஒரே வாரத்தில் குழித்துறையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் ஆர்டர் வரும். கேக்கின் மேல் திருக்கிண்ணம், அப்பம், கோதுமைக் கதிர், திராட்சைக் குலை, புறா எல்லாம் வேண்டும் என்பார்கள். பூ, பட்டாம்பூச்சி, நட்சத்திரம் வெட்டும் கட்டர்கள் எங்கும் கிடைக்கின்றன. திருக்கிண்ணமும் கதிரும் அப்படிக் கிடைப்பதில்லை. அவற்றைத் தேடித்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

கட்டர் வைத்து வெட்டுவது கைத்திறனே இல்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. நல்ல ப்ளஞ்சர் கட்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் விரித்த ஃபாண்டன்டின் மேல் அதை வைத்து அழுத்தி, லேசாக அசைத்துத் தூக்கினால் ஓரம் பிசிறில்லாமல் வெட்டுப்படும். பிறகு மேலிருக்கும் குமிழை அழுத்தினால் இலையின் நரம்பும் இறகின் கோடும் பதியும். விட்டதும் துண்டு கழன்று விழும். இதற்கு வெட்டும் விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும், உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும், ஸ்பிரிங் தடையில்லாமல் எழ வேண்டும். நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் ஃபாண்டன்ட் எப்படியும் கையில் ஒட்டும். கால் கிலோவுக்கு ஒரு சிறு கரண்டி சி.எம்.சி. தூள் (ஃபாண்டன்டை இறுக்கும் பொடி) பிசைந்து, அடியில் சோளமாவு தூவி, கட்டரையும் மாவில் தொட்டு வெட்டினால்தான் துண்டு உருக்குலையாமல் நிற்கும். இத்தனை பார்த்துச் செய்யும் வேலையில் கருவியே பொய்யாக இருந்தால் என்ன செய்வது?

கடையில் காட்டிய மாதிரிப் பெட்டியில் எல்லாம் எவர்சில்வர். என் கையில் கொடுத்த பெட்டி ஒட்டி மூடியிருந்தது. பிரித்துக் காட்டச் சொன்னேன். "பிரித்தால் விற்க முடியாது சேச்சி, உள்ளே இருப்பதும் இதேதான்" என்றார் முதலாளி. வீட்டில் வந்து பிரித்தால், பாதி பிளாஸ்டிக். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்தவை. சுற்றிலும் மெல்லிய வரிவரியான படிகள் தெரிந்தன. அந்த வரிகளுக்குள் ஃபாண்டன்ட் புகுந்து கொள்ளும், முழுதாகக் கழுவி எடுக்க முடியாது. கொதிநீர் ஊற்றிக் கழுவலாம் என்றால், இவ்வகை அச்சுகளுக்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகி வடிவம் கெட்டுவிடும்.

திருக்கிண்ணக் கட்டரின் மூலையில் நீலமாக ஏதோ அப்பியிருந்தது. பழைய ஃபாண்டன்டாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், உங்களுக்கும் பயன்படும். ஃபாண்டன்ட் பெரும்பகுதி சர்க்கரை. காய்ந்து கல்லானாலும் வெதுவெதுப்பான நீரில் கரைந்துவிடும். இது கரையவில்லை. பல்குத்தியால் சுரண்டினேன். ரப்பர் போல் சுருண்டு வந்தது, பிளாஸ்டிக் வாடை அடித்தது. காதணி, சாவிக்கொத்து செய்யப் பயன்படுத்தும் பாலிமர் களிமண் அது. அதன் அடிப்பொருள் பி.வி.சி.; அதை இளக்கமாக வைக்க வேதிப்பொருட்கள் சேர்க்கிறார்கள். அந்தக் களிமண்ணில் பட்ட கருவியை மறுபடி உணவுக்கு எடுக்கக் கூடாது என்பது அந்தக் கைவினை செய்கிறவர்களே கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் விதி. அந்த அச்சில் வெட்டிய திருக்கிண்ணத்தைப் புதுநன்மை வாங்கும் பிள்ளை எடுத்துத் தின்றிருக்கும். இதை எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

தங்கத் தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எம்பாசரால் பதித்த எழுத்துப் பள்ளத்தில் அந்தத் தூளைத் தூரிகையால் தடவினால் எழுத்து பளிச்சென்று எடுப்பாகத் தெரியும். இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். சிறு டப்பாவில் கேக்குக்கானது என்று கடைக்காரர் கொடுத்தார். விலைச் சீட்டின் ஓரம் பிதுங்கியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில், அலங்காரத்துக்கு மட்டும், உண்ணத் தகாதது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. மறுபக்கத்தில் நச்சற்றது என்று பெரிய எழுத்து. நச்சற்றது என்பதால் மட்டும் ஒரு பொருள் உணவாகிவிடாது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018இல் ஒரு பிறந்தநாள் கேக்கைத் தின்ற 6 குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அவதிப்பட்டார்கள். ரோஸ் கோல்ட் நிறத்துக்காக அந்த கேக்கில் போட்டிருந்த மினுமினுப்புத் தூளில் செம்பு மிக அதிகமாக இருந்தது. மிசூரியில் 2019இல் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியதை ஆராய்ந்தபோது, அதுவும் கேக் அலங்காரத் தூளில் போய் நின்றது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் இவ்விரண்டையும் 2021இல் வெளியிட்டது. உண்ணத்தக்க தூளாக இருந்தால் டப்பாவில் சேர்மானப் பட்டியல் இருக்கும்: சர்க்கரை, கருவேலம் பிசின், மால்டோடெக்ஸ்ட்ரின், சோளமாவு, உணவுக்கு அனுமதிக்கப்பட்ட நிறமி என்று. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் சைவக் குறியான பச்சைப் புள்ளியும் இருக்க வேண்டும். என்னிடம் கொடுத்த டப்பாவில் இவற்றில் எதுவுமில்லை. தயாரித்தவர் பெயரும் முகவரியும்கூட இல்லை.

அதே கடையில் பிள்ளையின் பெயரைத் தமிழில் பதிக்கும் எம்பாசர் ஒன்றுக்கும் முழுப் பணம் முன்கூட்டியே கொடுத்திருந்தேன். ஆங்கில எழுத்து அச்சு எங்கும் கிடைக்கிறது, தமிழ் எழுத்தைச் சொல்லித்தான் செய்ய வேண்டும். பெயரைத் தாளில் தெளிவாக எழுதிப் படமெடுத்தும் அனுப்பினேன். வந்த அச்சில் 'ஜெ' உடைந்திருந்தது. முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போயிருந்தது. தமிழ் தெரியாத மென்பொருள் குறிகளைக் கணினியில் சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிடுவதால் வரும் கோளாறு இது. அந்தப் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டிருந்தாலே யாருக்கும் தெரிந்திருக்கும். அது போதாதென்று எழுத்து நேராகவே வார்க்கப்பட்டிருந்தது. அச்சில் இடவலம் மாறியிருந்தால்தான் ஃபாண்டன்டில் நேராக விழும். கேக்கை ஃபாண்டன்டால் மூடிய கையோடு, மேல்தோல் காய்வதற்குள், ஒரே அழுத்தாக எம்பாசரைப் பதிக்க வேண்டும். தவறினால் மொத்தப் போர்வையையும் உரித்தெடுத்து மறுபடி விரிக்க வேண்டியதுதான். நல்லவேளையாக மிச்சத் துண்டில் அழுத்திப் பார்த்ததால் கேக் தப்பியது. தாளில் எழுத்தை வெட்டி, அதை வைத்துக் கத்தி முனையால் பெயரை வெட்டி ஒட்டினேன். இரவு முழுவதும் ஆனது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நீலக் கறையைக் காட்டியதும், "கழுவினால் போய்விடும்" என்றார் முதலாளி. அந்நேரம் கடைப் பையன் அவரிடம், திரும்பி வந்த பெட்டியில் இருந்தது என்று மலையாளத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. எல்லையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலையாளம் புரியாதா? அதைச் சொல்லிக் கேட்டதும் அவர் குரல் மாறியது. விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைத் தட்டிக் காட்டினார். "நீங்கள் தமிழ்நாடு. வழக்குப் போடுவதென்றால் இங்கே வந்துதான் அலைய வேண்டும்" என்றார்.

அது உண்மையில்லை. எல்லையோரத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தவருக்கு அது நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையம். குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே அல்ல என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கிப் பயன்படுத்துகிறவரையும் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொன்னேன், தமிழிலேயே பேசினார்கள். அவர்கள் வழியாகப் புகார் போன பிறகு கட்டர் தொகுப்பின் விலையைக் கடை திருப்பிக் கொடுத்தது. தூளைப் பற்றி மூச்சில்லை. பெயர் அச்சு என் ஆர்டர்படி செய்தது என்று அதன் பணத்தைத் தர மறுக்கிறார்கள். அதற்காக நாகர்கோவில் ஆணையத்தில் கொடுக்க மனு தயாராகிறது.

இப்போது கடையில் எதை வாங்கினாலும் அங்கேயே உறையைப் பிரிக்கச் சொல்கிறேன். மறுத்தால் வாங்குவதில்லை. கட்டரைக் கவிழ்த்து விளிம்பையும் மூலையையும் பார்க்கிறேன். அளவை மில்லிமீட்டரில் கேட்டு ரசீதில் எழுத வைக்கிறேன். பிளாஸ்டிக்காக இருந்தால் கிண்ணமும் முட்கரண்டியும் போட்ட உணவுக் குறி இருக்கிறதா என்று தேடுகிறேன். தமிழ் அச்சு செய்யக் கொடுப்பவர்கள், வார்ப்பதற்கு முன் கணினித் திரையின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள்.

சென்ற சில மாதங்களில் எல்லைப் பக்கத்தில் ஊதா நிற உறையில், தங்கத் தூள் இலவசம் என்று ஒட்டிய கட்டர் தொகுப்பு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், டப்பாவின் விலைச் சீட்டை உரித்துப் பாருங்கள். அடியில் நான் சொன்ன வரி இருந்தால், சீட்டு, டப்பா, ரசீது மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1915இல் உங்கள் பெயரிலும் ஒரு புகார் பதியுங்கள்.