பழைய மண் அணை: செப்பனிடுவதா, திறந்துவிடுவதா?

அமெரிக்காவில் தனியாருக்குச் சொந்தமான சிறிய மண் அணை பழுதடைந்தால் உரிமையாளருக்கு இரண்டு வழிகள்: செப்பனிட்டு ஏரியைக் காப்பது, அல்லது நீரை மெல்ல வடித்துக் கரையை வெட்டித் திறந்துவிடுவது.

செப்பனிட்டால் படகும் மீன்பிடிப்பும் கரையோர வீடுகளின் மதிப்பும் நிலைக்கும். ஆனால் செலவு ஒருமுறையோடு தீராது. கரையில் மரம் வளரக் கூடாது; மக்கிய வேரின் தடத்தில் நீர் கசியும். எல்லாவற்றுக்கும் மேலாக, மிகைநீர் வெளியேறும் கலிங்கு அடைபடக் கூடாது. கரைமேல் வழியும் நீர் மண்ணை அரித்துவிடும். பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையை வாங்கிய செல்வந்தர் மன்றம் வண்டிப் பாதைக்காகக் கரையின் முகட்டைத் தாழ்த்தியது. மீன் தப்பாதிருக்கக் கலிங்கில் தடுப்புகள் வைத்தது. நீரைத் திறந்துவிடும் அடிக் குழாய்களோ முன்பே கழற்றி விற்கப்பட்டிருந்தன. 1889 மே 31 அன்று அணை உடைந்தது. ஜான்ஸ்டவுன் பகுதியில் 2,209 பேர் மாண்டார்கள். மீனுக்காக வைத்த அந்தத் தடுப்பை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது.

திறந்துவிட்டால் ஏரி போகும். கரையோரம் வாழ்பவர்களுக்கு அது பெரிய இழப்புதான். படிந்த வண்டலையும் கவனமாகக் கையாள வேண்டும். ஆனால் ஆபத்து அத்தோடு நீங்கும், ஓடை திரும்பும். பராமரிக்கப் பணமில்லை, கீழே குடியிருப்பு இருக்கிறது என்றால் நான் தயங்காமல் இதையே சொல்வேன். ஜார்ஜியாவின் கெல்லி பார்ன்ஸ் அணை மின் உற்பத்தி நின்றபின் பொழுதுபோக்கு ஏரிக்காகவே நின்றது. 1977 நவம்பர் 6 அதிகாலை அது உடைந்தபோது, கீழே கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள்.