கியர் சைக்கிள்: பெட்டியில் வருவதா, பெரிய கடையா, மெக்கானிக் கடையா?

கியர் சைக்கிள் வாங்குவது என்று முடிவானதும் எனக்கு மூன்று வழிகள் இருந்தன. இணையத்தில் ஆர்டர் போட்டுப் பெட்டியில் வரவழைக்கலாம். விளையாட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில் எடுக்கலாம். விற்பதும் பழுது பார்ப்பதும் ஒரே ஆளாக இருக்கிற சின்னக் கடையில் வாங்கலாம். நான் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன், இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். வாங்கிய முதல் சில வாரங்களில் வண்டிக்கு என்ன ஆகிறது, அதை யார் கவனிக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

விலையையும் ரகத்தையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் இணையத்தில் விலை குறைவு, நிறமும் மாடலும் ஏராளம். பெரிய கடையில் ஓட்டிப் பார்க்கலாம், திருப்பிக் கொடுப்பதற்கான விதிகளும் தெளிவாக இருக்கும். சின்னக் கடையில் நாலைந்து மாடல்தான் நிற்கும். கையிருப்பில் உள்ள அளவையே "உங்களுக்கு இதுதான் பொருந்தும்" என்று தள்ளிவிடுகிற கடைக்காரர்களும் உண்டு. அங்கே கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்குக் கால் நீளம் வேறுபடும் என்பதால் உயரத்துக்கு இன்ன அளவு என்று காட்டும் அட்டவணையை மட்டும் நம்பாமல் ஏறி உட்கார்ந்து பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சீட் உயரம் சரி.

இனி பெட்டிச் சைக்கிள். முன்சக்கரம் தனி, பெடல் தனி, ஹேண்டில் திருப்பி வைத்து வரும். பூட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் சில இடங்களில் சறுக்கும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். தெரியாமல் வழக்கம்போல முறுக்கினால் பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டின் மரையே போய்விடும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டிவிட்டு ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஹேண்டிலைப் பிடிக்கும் போல்ட்டுகளில் பெரும்பாலும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். அந்த அளவு பார்த்து முறுக்குகிற ஸ்பேனர் எத்தனை வீட்டில் இருக்கிறது?

கண்ணுக்குத் தெரியாத சேதம் இன்னொன்று உண்டு. பின்பக்கம் கியர் மாற்றுகிற டீரெய்லர், ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டில்தான் தொங்குகிறது. பெரும்பாலான அலுமினிய ஃபிரேம்களில் இது தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது, அடிபட்டால் ஃபிரேமுக்குப் பதிலாக இது வளையட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். பெட்டி வழியில் ஒருமுறை தொப்பென்று விழுந்தாலே ஹேங்கர் கொஞ்சம் உள்ளே சாயக்கூடும். என் தம்பியின் சைக்கிள் அப்படித்தான் வந்தது. எந்த கியரைச் சரிசெய்தாலும் அடுத்தது கரகரத்தது, கேபிளை எவ்வளவு இழுத்தும் பலனில்லை. கடைசியில் என் கடைக்காரரிடமே கொண்டு போனோம். டீரெய்லரைக் கழற்றி, அந்த ஓட்டையில் நீளமான கை உள்ள ஒரு கருவியை முறுக்கி, கருவியின் கையைச் சுற்றிச் சுற்றிச் சக்கரத்தின் ரிம்முக்கும் அதற்கும் இடையே உள்ள இடைவெளியை நாலு இடத்தில் பார்த்தார். மேலே விரல் நுழைந்தது, கீழே நுழையவில்லை. மெல்ல இழுத்து இடைவெளியைச் சமமாக்கிய பிறகுதான் கியர்கள் வரிசையாக விழுந்தன.

சரி, நன்றாகப் பூட்டிய வண்டியையே எடுத்துக்கொள்வோம். அதுவும் முதல் வாரங்களில் கொஞ்சம் தளரும். கேபிளின் வெளிக்குழாய் முனைகள் தத்தம் இடத்தில் நன்றாக அமர, கேபிள் தொய்ந்து கியர் ஒரு படி தள்ளி விழும். ஸ்போக் கம்பிகள் ரிம்மிலும் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பிலும் படிந்து இறுக்கம் குறையும், சக்கரத்தில் கோட்டம் விழும். ஹேண்டில் தலையில் லேசான ஆட்டம் வரலாம். அப்படியே விட்டு ஓட்டினால் தளர்ந்த கம்பிகள் நாளடைவில் ஒவ்வொன்றாக அறுந்து விழும்.

இங்கேதான் சின்னக் கடை ஜெயிக்கிறது. நான் வாங்கியபோதே முதல் சர்வீஸ் விலையில் சேர்த்தி என்று பேசிக்கொண்டேன். கடைக்காரர் கம்பிகளை விரலால் தட்டி ஓசை கேட்டார், மந்தமாக ஒலித்ததை மட்டும் சாவியால் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறுக்கிக் கோட்டம் எடுத்தார். "ஏற்றத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது மட்டும் தயங்குது அண்ணா" என்று சொன்னால் அந்தச் சொல் நேராக வேலை செய்கிற கைக்குப் போய்ச் சேர்கிறது. பெரிய கடையில் நான் பழைய சைக்கிளை விட்டபோது நிலைமை வேறு. கவுன்டரில் ஒருவர் கேட்டுக்கொண்டார், துண்டுச் சீட்டில் "கியர் செக்" என்று இரண்டே சொல் எழுதினார், வேலை பார்த்தவரை நான் பார்க்கவே இல்லை. திரும்ப வாங்கியபோது சைக்கிள் பளபளத்தது, தயக்கம் அப்படியே இருந்தது. அவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன், நான் சொன்ன விஷயம் அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

செயின் விஷயமும் இதேதான். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். எனவே 24 இடைவெளிகள் சேர்ந்து சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் 1/16 அங்குலம் நீண்டுவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இன்னும் இழுத்தடித்தால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்து செலவு எகிறும். கடைக்காரர் அளவுகோலை வைத்து என் கண் முன்னாலேயே காட்டி, "இன்னும் ஓடும், போங்க" என்று அனுப்பினார். அன்றைக்கு ஒரு செயினை எளிதாக என் தலையில் கட்டியிருக்கலாம்.

பெரிய கடைக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஃபிரேமில் விரிசல் கண்டால் அவர்கள் தங்கள் விதிப்படி வேகமாக மாற்றித் தருவார்கள். சின்னக் கடைக்காரர் கம்பெனிக்கு எழுதிப் பதில் வரக் காத்திருக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில், வேறு சில பிரேக்குகளுக்கு டாட் (DOT) என்ற வேறு வகைத் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும். எல்லாச் சின்னக் கடையிலும் இதற்கான கருவி இருக்காது. மின்சார சைக்கிளை நான் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை, அதனால் அதில் என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மோட்டாரும் பேட்டரியும் கோளாறு செய்தால் அந்தத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டியிருக்கும்.

பூட்டத் தெரிந்து, கருவிகளும் கையில் இருந்தால் பெட்டிச் சைக்கிள் லாபம்தான். மற்றவர்கள் சின்னக் கடையில் பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: முதல் சர்வீஸ் சேர்த்தியா, கோட்டம் எடுப்பது இங்கேயேவா, இந்த ஃபிரேமுக்கான ஹேங்கர் கிடைக்குமா. மாடலுக்கு மாடல் ஹேங்கரின் வடிவம் மாறும் என்பதால், கிடைத்தால் ஒன்றை அன்றே கூடுதலாக வாங்கிச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டுவிடுங்கள்.