மெயிலை ஒழுங்குபடுத்தித் தருகிறோம் என்று வந்தவரிடம் 2,616 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்த கதை

நேற்று மதியம் பக்கத்து யூனிட்டில் மின்வேலை எடுத்துச் செய்யும் அண்ணன் ஒரு சிற்றேட்டோடு வந்தார். "இது நல்லா இருக்குமா, பாதிப் பணம் அரசாங்கம் தருதாமே" என்றார். அட்டையைப் பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கியது. போன ஆண்டு எங்களிடம் வந்த அதே ஆள், அதே சிற்றேடு. அண்ணனுக்கு வாயால் சொன்னதை மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சின்ன ஏர்கான் சர்வீஸ் நிறுவனத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். காலையில் மெயிலைத் திறந்தால் நூற்றுக்கு மேல் காத்திருக்கும். தண்ணீர் ஒழுகுகிறது என்று வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளிலிருந்து சில, காப்புறுதிச் சான்றிதழ் கேட்டுக் காண்டோ (தனியார் அடுக்குமாடி) நிர்வாகங்களிலிருந்து சில, மீதி எல்லாம் சப்ளையர் இன்வாய்சும் விளம்பரமும். எதற்குப் பதில் போட்டேன், எதற்குப் போடவில்லை என்பதே மறந்துவிடும். அப்படி நான் முழி பிதுங்கிக் கிடந்த ஒரு நாளில்தான் அந்தச் சிற்றேட்டுக்காரர் வந்தார். தமிழர், நல்ல பேச்சு. ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மெயிலை எல்லாம் தானே பிரித்து, முக்கியமானதை மேலே வைத்து, பதிலும் எழுதித் தரும் என்றார். ஆண்டுக்கு 2,400 வெள்ளி, பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்த்து 2,616.

"அண்ணே, பாதியை மானியமா வாங்கிடலாம். நீங்க முதல்ல கட்டிடுங்க, நான் கிளைம் போட்டுத் தர்றேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தப்பு என்னுடையதுதான்.

அவர் சொன்னது உற்பத்தித்திறன் தீர்வு மானியத்தை, பிஎஸ்ஜி என்பார்களே, அதை. அந்த மானியம் உண்மையானது. எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசாங்க அமைப்பு நடத்துகிறது, 50 விழுக்காடு வரை கிடைக்கும். ஆனால் முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட தீர்வாக இருக்க வேண்டும். பட்டியலை அரசாங்கத்தின் கோபிசினஸ் இணையத் தளத்தில் யாரும் பார்க்கலாம். அதைவிட முக்கியமாக, விண்ணப்பிப்பதற்கு முன் விற்பவரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கக் கூடாது, ஒரு காசும் கொடுத்திருக்கக் கூடாது. "முதல்ல கட்டிடுங்க" என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே மானியம் போய்விட்டது. இதை நான் பணம் கட்டி ஆறு வாரம் கழித்துத்தான் படித்தேன். பட்டியலில் அந்த மென்பொருளும் இல்லை, அவருடைய நிறுவனமும் இல்லை. கேட்டால், "இன்வாய்ஸ் தேதியை மாத்தி வேற பேர்ல போட்டுக்கலாம் அண்ணே" என்கிறார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. அரசாங்கத்திடம் பொய்த் தாள் கொடுத்தால் மாட்டப்போவது விண்ணப்பிக்கும் நாம்தான்.

இன்னொன்று. வரி வசூலித்தாரே, அவர் நிறுவனம் பதிவு செய்ததா என்று உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் தளத்தில் தேடினேன். பெயரே இல்லை. பதிவில்லாதவர் அந்த வரியை வாங்கவே கூடாது. ஆக அந்த 216 வெள்ளியும் நேரே அவர் பைக்குப் போயிருக்கிறது.

சரி, மென்பொருளாவது வேலை செய்ததா? முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. விளம்பரங்கள் கண்ணில் படவில்லை, நிம்மதியாக டீ குடித்தேன். அப்புறம் புரட்டாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, செம்பவாங்கிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார்.

"தம்பி, பத்து மணிக்கு ஆள் வருவாங்கன்னு மெயில் போட்டீங்களே. பெருமாள் கோயிலுக்குப் போறதைக்கூட விட்டுட்டுக் காத்திருக்கேன்."

நான் எந்த மெயிலும் போடவில்லை. அனுப்பியவற்றைத் திறந்து பார்த்தேன். கட்டில் மேல் தண்ணீர் சொட்டுகிறது, சனிக்கிழமை காலை வர முடியுமா என்று அவர் கேட்டிருக்கிறார். இரண்டே நிமிடத்தில் என் பெயரில், என் கையொப்பத்தோடு, "சனிக்கிழமை 10 மணிக்கு எங்கள் ஊழியர் வருவார்" என்று பதில் போயிருக்கிறது. அந்த மென்பொருளுக்கும் எங்கள் வேலை அட்டவணைக்கும் சம்பந்தமே கிடையாது. கேள்வியில் இருந்த நாளை எடுத்து, அதையே வாக்குறுதியாக மாற்றி, அழகான ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டது. வரைவு மட்டும் எழுதும், நீங்கள் பார்த்துத்தான் அனுப்புவீர்கள் என்றுதான் விற்றவர் சொல்லியிருந்தார். தானாக அனுப்பும் வசதியை நிறுவும்போதே அவர் போட்டுவைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்று மட்டும் அப்படி ஏழு பதில்கள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா வீட்டுக்கு மாலையில் ஆள் அனுப்பினோம், காசு வாங்கவில்லை.

பிடோக்கில் ஒரு காண்டோவின் விலைப்புள்ளி அழைப்பும் "பிறகு பார்க்க" என்ற கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கடைசி நாள் தாண்டிய பிறகு பார்த்தேன். அதைப் பற்றி முதலாளியிடம் சொன்ன அரை மணி நேரத்தை இங்கே எழுத விருப்பமில்லை.

நிறுத்தலாம் என்றால், "சிஸ்டம் கத்துக்க மூணு மாசம் ஆகும்" என்றார் விற்றவர். பிறகு வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், 60 நாள் முன்னறிவிப்பு கொடுக்காவிட்டால் இன்னொரு ஆண்டுக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று எறும்பு எழுத்தில் இருந்தது. உடனே எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

எனக்கு இன்றும் உறுத்துவது பணம் இல்லை. நிறுவும்போது கூகுள் ஒரு திரையைக் காட்டியது: எல்லா மெயிலையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க அனுமதி. யோசிக்காமல் அழுத்தினேன். பிரௌசரிலிருந்து அந்தச் செயலியை நீக்கினால் அந்த அனுமதி போகாது. கூகுள் கணக்கில் வெளிச் செயலிகளின் இணைப்புகள் என்ற பக்கத்துக்குப் போய் அங்கே நீக்க வேண்டும். எங்கள் பெட்டியில் வாடிக்கையாளர் முகவரிகள், ஊழியர்களின் கடப்பிதழ் நகல்கள் எல்லாம் இருக்கின்றன. இதுவரை எடுத்த நகல்களை அழிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் நிறுவனம்தான். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் அது யார் என்று தேடினால், நான்தானாம்.

இப்போது ஜிமெயிலில் ஏற்கெனவே இருப்பதை வைத்தே ஓட்டுகிறேன். தலைப்பில் இன்வாய்ஸ் என்று வந்தால் ஒரு லேபிள், காண்டோ நிர்வாகங்களுக்குச் சிவப்பு லேபிள். அடிக்கடி அனுப்பும் பதில்களை டெம்ப்ளேட்டாகச் சேமித்திருக்கிறேன். அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 5 வினாடியிலிருந்து 30 ஆக மாற்றினேன். வாரத்துக்கு இரண்டு முறையாவது அது காப்பாற்றுகிறது. இதற்கெல்லாம் ஒரு மதியம்தான் செலவானது.

பணத்துக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வர முடியாது. அதனால் வாட்ஸ்அப் உரையாடல், இன்வாய்ஸ், அந்த ஏழு மெயில்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து நானே கொண்டுபோகப் போகிறேன். உங்களிடமும் இவர் பணம் வாங்கியிருந்தால் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து யூனிட் அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. சிற்றேட்டை என்னிடமே கொடுத்துவிட்டார், அதையும் கோப்பில் சேர்த்துவிட்டேன்.