புள்ளியும் கூர்மையாக விழுகிறது: வீகார்வ் டெஸ்க்டாப் இரண்டு வருட அனுபவம்

பெயர்ப்பலகை வெட்டி முடித்ததும் நான் முதலில் பார்ப்பது புள்ளியைத்தான். ‘இல்லம்’ என்ற சொல்லில் இரண்டு புள்ளிகள். V வடிவ முனை கொண்ட வெட்டுக்கருவியான வி-பிட் அந்த வட்டத்தின் நடுவில் ஒரே குத்தாக இறங்கி ஏறும்போது, கவிழ்த்த கூம்பு போல ஒரு பள்ளம் விழுகிறது. தேக்கில் அதைப் பார்க்க அவ்வளவு அழகு! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. மரத்தில் இவ்வளவு சுத்தமாகப் புள்ளி வைக்க முடிகிறதே என்று ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

வீகார்வ் டெஸ்க்டாப் என்பது வெக்ட்ரிக் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் மென்பொருள். கணினி சொல்லும் பாதையில் மரத்தை வெட்டும் சிஎன்சி ரவுட்டர் வைத்துப் பலகை செய்பவர்களுக்கானது. எழுத்தின் கோடு அகலமாகும் இடத்தில் பிட்டை ஆழமாக இறக்கும், ஒடுங்கும் இடத்தில் மேலே தூக்கும். மூலைகளில் முழுவதும் ஏறிவிடுவதால், உளியால் செதுக்கியது போல முனை கூராக வரும். நேரான உருளை வடிவ பிட்டான சாதாரண எண்ட்மில் அதே மூலையை உருட்டிவிடும். பள்ளத்தின் இரண்டு சரிவில் ஒன்றில் வெளிச்சம் விழ, இன்னொன்று நிழலாகிறது. செதுக்கிய எழுத்துக்கு உயிரே அந்த நிழல்தான். அதனால் பலகையைப் பக்கவாட்டு வெளிச்சம் படும் இடத்தில் மாட்டச் சொல்வேன்.

கணக்கு எளிது. கோடு 12 மி.மீ. அகலம் என்றால் முனைக்கோணம் 90 பாகை உள்ள பிட் 6 மி.மீ. இறங்கும், 60 பாகை பிட் 10.4 மி.மீ. வரை போகும். 24 மி.மீ. கோட்டுக்கு 60 பாகை வைத்தால் 20 மி.மீ.க்கு மேல். என்னிடம் வரும் பலகை 18 மி.மீ.தான், ஓட்டை விழுந்துவிடும். அப்போது ஆழத்துக்கு ஒரு வரம்பு கொடுத்தால் அடி தட்டையாக நின்றுவிடும். ஆனால் நிழல் பாதியாகிவிடும், எனக்கு அது பிடிக்காது. முடிந்தவரை 90 பாகையிலேயே வெட்டுகிறேன்.

ஒரு பலகையை நான் வீணாக்கிய கதையையும் சொல்ல வேண்டும். பலகை லேசாக வளைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. 90 பாகை பிட்டில் ஆழம் 1 மி.மீ. குறைந்தால் கோட்டின் அகலம் 2 மி.மீ. குறையும். கடைசி மூன்று எழுத்தும் மெலிந்து போயின. வாடிக்கையாளர் தாத்தாவின் பெயர் அது, மனது கேட்கவில்லை. வேறு மரம் வாங்கி மறுபடி வெட்டிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் மேல்பரப்பை ஒரு மட்டம் சீவாமல் எழுத்தைத் தொடுவதில்லை.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. நான் எழுத்தை இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அமைத்து, பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, வடிவங்களை ஒன்றாக இணைக்கும் யூனியன் கொடுத்து, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுவருகிறேன். யூனியன் முக்கியம். ‘கி’யில் கொக்கி எழுத்தோடு சேரும் இடத்தில் சில எழுத்துருக்களில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அப்படியே விட்டால் சேரும் இடத்தில் பள்ளம் அசிங்கமாகிவிடும். அப்புறம், ஒரே தடிமனான எழுத்துரு வேண்டாம். மெல்லியதும் தடித்ததும் கலந்து வரும் எழுத்துருவில்தான் ஆழம் ஏறி இறங்கும், ‘ழ’வின் வளைவெல்லாம் அதில்தான் பேசும்.

எழுத்தை மேடாக, நடுவில் முகடு வைத்துச் செதுக்க ‘பிரிசம்’ என்ற வசதியும் உண்டு. பெரிய கடைப்பலகைக்கு நன்றாக இருக்கும். வீட்டுப் பெயர்ப்பலகை அளவில் நான் அதிகம் தொடுவதில்லை.

டெஸ்க்டாப் பதிப்பில் 25க்கு 25 அங்குலம்தான் வேலைப்பரப்பு. அதற்கு மேல் செய்பவர்கள் புரோ பதிப்பு வாங்க வேண்டும். மாதச் சந்தா கிடையாது, ஒரே முறை பணம். வீட்டுப் பலகை, கல்யாணப் பரிசுப் பலகை என்று ஓடும் என் போன்ற சின்னப் பட்டறைக்கு டெஸ்க்டாப்பே தாராளம். சோதனைப் பதிப்பு இலவசம். முதலில் அதில் உங்கள் பெயரையே போட்டு, திரையில் முப்பரிமாணமாகப் பாருங்கள்.