வைஸா, கிளாம்பா, ஆப்பா, காலா: செதுக்கும் மரத்தைப் பிடித்து நிறுத்தும் வழிகள்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்கு அருகே, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் செதுக்கு வேலை செய்யும் எனக்கு, இடது கைப் பெருவிரலின் அடியில் 4 தையல் போட்ட தழும்பு ஒன்று உண்டு. அயினிப் பலகையில் தாமரை ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்த நாளில் அது வந்தது. பலகையை இரண்டு சி கிளாம்புகளால் (சி எழுத்து வடிவில் திருகோடு வரும் இரும்புப் பிடிகள்) மேசையோடு இறுக்கியிருந்தேன்; ஒரே ஓர் இதழின் மறுபாதி மட்டும் மிச்சமிருந்தது. அந்தப் பாதியில் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓட்டம், எதிர்ப்பக்கமாக ஓடியதால் பலகையைத் திருப்பவேண்டும், திருப்புவதற்கு இரண்டு கிளாம்புகளையும் கழற்றவேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு, பலகையைச் சற்றே சுழற்றி, இடது கையால் அமுக்கிக்கொண்டு வலது கையால் உளியைத் தள்ளினேன். மிச்சமிருந்த ஒற்றைக் கிளாம்பை அச்சாகக் கொண்டு பலகை திரும்பிவிட்டது. உளி நேராக வந்தது.

அதன் பிறகுதான், பிடிமானத்தை அதன் இறுக்கத்தால் மட்டும் மதிப்பிடும் வழக்கத்தை விட்டேன். இறுகப் பிடிப்பது எல்லாக் கருவிக்கும் ஏறக்குறைய முடியும். எவ்வளவு விரைவாகக் கழற்றித் திருப்பி மீண்டும் பூட்டலாம் என்பதில்தான் அவை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தின் விதானத்தில் வெவ்வேறு வகையான 90 பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் எதையேனும் ஒன்றைச் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தால் நான் சொல்வது புரியும்: வட்டமான பூவில் ஒவ்வோர் இதழும் மர ரேகைக்கு வேறொரு கோணத்தில் கிடக்கிறது, ஒவ்வோர் இதழின் இரு பாதிகளையும் எதிரெதிர்த் திசையில் செதுக்கினால்தான் ரேகை பிய்ந்து வராது. ஒரு பூவுக்கு மரத்தையோ உடம்பையோ எத்தனை முறை திருப்பவேண்டியிருக்கும்! கழற்றிப் பூட்டச் சலிப்பூட்டும் பிடிமானத்தைத் தொழிலாளி எப்படியும் ஒரு கட்டத்தில் தவிர்த்துவிடுவார். தவிர்த்துவிட்டுக் கையால் பிடிப்பார்.

நம் மாவட்டத்துப் பழைய ஆசாரிமார்களுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை, ஏனென்றால் அவர்கள் காலால் பிடித்தார்கள். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பலகையின் ஒரு விளிம்பை இடது குதிகாலாலும் மறு விளிம்பை வலது கால்விரல்களாலும் அமுக்கிக்கொண்டால் இரண்டு கைகளும் உளிக்கும், அதை அடிக்கும் மரச்சுத்தியலான கொட்டாப்புளிக்கும் கிடைத்துவிடுகின்றன. பலகையைத் திருப்ப ஒரு நொடி போதும். உளி மரத்துக்குள் இறங்கும் அதிர்வு காலுக்கே தெரிவதால், மரம் பிளக்கப்போவதை அவர்கள் கண்ணுக்கு முன்பே கால் கண்டுபிடித்துவிடும். விரைவு என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் இதை வெல்ல வேறு வழியே கிடையாது. ஆனாலும் புதிதாகக் கற்பவருக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வழுக்கிய உளி போய் நிற்கக்கூடிய இடங்களில் பாதமும், பெரிய தமனி ஓடும் உள்தொடையும் இருக்கின்றன. எனக்கு உளி பிடிக்கக் கற்றுத்தந்த ஆசாரி அறுபது வயதுக்கு மேலும் காலால்தான் பிடித்தார். அவர் காலில் ஒரு கீறல்கூட இல்லை. "உளி எங்க போவும்னு பாத்துட்டு அப்பறமா கால வை மக்கா" என்பார். அந்தப் பார்வை பத்து வயதில் பட்டறைக்கு வந்தவருக்கு வாய்ப்பது. வார இறுதியில் உளி பிடிப்பவருக்கு வாய்க்காது.

மேசையில் பொருத்தி, இரு தாடைகளுக்கு நடுவே மரத்தை நெரித்துப் பிடிக்கும் வைஸைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. கதவுச் சட்டத்தின் விளிம்பைச் செதுக்கவும், தூண்துண்டு போன்ற கனமான கட்டையைப் பிடிக்கவும் அது நல்லது. தாடைகளில் மரத்துண்டோ தோலோ ஒட்டாவிட்டால் மகாகனி போன்ற மரத்தில் பல் பதிந்துவிடும், அவ்வளவுதான். மெல்லிய பலகையில் மேற்பரப்பைச் செதுக்க மட்டும் அதை நம்பக்கூடாது. முக்கால் அங்குலப் பலகையை இரு விளிம்பிலும் நெரித்தால் நடு சற்றே மேலெழும்பும்; அந்த வளைவோடு சமமாகச் செதுக்கிய தளம் வைஸைத் தளர்த்தியதும் குழிந்து நிற்கும்.

சி கிளாம்பு மலிவானது, வடசேரி, மார்த்தாண்டம் ஹார்டுவேர் கடைகளில் எளிதில் கிடைப்பது, வாடகை வீட்டு மேசையிலும் பூட்டக்கூடியது. ஆனால் ஒன்றால் பயனில்லை. ஒற்றைக் கிளாம்பு எப்போதும் சுழலும் அச்சாகிவிடும் என்பதை என் பெருவிரல் அறியும். இரண்டு போட்டால், செதுக்கவேண்டிய பரப்பிலேயே இரண்டு இரும்புத் தலைகள் உட்கார்ந்துகொள்கின்றன. உளி இரும்பில் முட்டினால் வாய் போய்விடும், பிறகு அரைமணி நேரம் சாணைக்கல்தான். கொட்டாப்புளியின் அதிர்வில் திருகு மெல்ல மெல்லத் தளர்வதும் உண்டு. ஆகவே சிறிது நேரத்துக்கு ஒருமுறை கையால் திருகிப் பார்த்துக்கொள்ளவேண்டும். திருகின் கைப்பிடி மேசைக்குக் கீழே இருக்குமாறு பூட்டுவது நல்லது. மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மணிக்கட்டு அதில் இடிக்கும்.

இப்போது என் கொட்டகையில் பலகை வேலை முழுவதும் நடப்பது ஆப்புப் பலகையின்மேல்தான். இரண்டடிக்கு மூன்றடி அளவில் 19 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று. அதன் முன்விளிம்பின் அடியில் அறைந்த சட்டம் மேசை ஓரத்தில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். பின்மூலையில் ஒரே ஒரு கிளாம்பு, அதை ஒருபோதும் கழற்றுவதில்லை. பிளைவுட்டின் மேலே இடப்பக்கமும் எதிர்ப்பக்கமும் அரை அங்குல உயரச் சட்டங்கள் செங்கோணத்தில் நிற்கின்றன. செதுக்கவேண்டிய ஓர் அங்குலப் பலகையை அந்த மூலையில் நெருக்கி வைத்து, மற்ற இரு பக்கங்களிலும் சற்றுச் சாய்வாகத் திருகிய சட்டங்களுக்கும் பலகைக்கும் இடையில் ஓர் ஆப்பை நுழைத்துத் தட்டினால் போதும். சட்டம் பலகையின் பாதி உயரமே உள்ளதால் உளி அதன்மேல் தடையின்றிக் கடந்துபோகும். தவறி இடித்தாலும் மரத்தில்தான் இடிக்கும். சட்டங்களைப் பிடிக்கும் திருகாணிகளின் தலையை மரத்துக்குள் ஆழமாக இறக்கிவிடவேண்டும், ஆணி அறவே கூடாது.

ஆப்பின் சரிவுதான் நுட்பம். எட்டு அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சரிவு வைத்தால், அதிர்வில் ஆப்பு தானாகவே பின்னோக்கி நழுவும். அதற்கும் குறைவாக வைத்தால் உராய்வே அதைப் பூட்டிவைக்கும். தட்டும்போது முதல் இரண்டு அடிகளில் வெற்றோசை வரும். மூன்றாவதில் பலகையும் மேசையும் ஒரே கட்டையானதுபோல ஓசை கனத்துவிடும். அங்கே நிறுத்திவிடவேண்டும், இன்னும் ஓர் அடி போட்டால் பலகை வளையும். கழற்ற ஆப்பின் ஒல்லி முனையில் ஒரு தட்டு. கிளாம்புகளோடு போராடிய நாட்களில் இதழுக்கு ஒருமுறை திருப்பச் சோம்பியவன், இப்போது அரை இதழுக்கு ஒருமுறை திருப்புகிறேன். குறையும் உண்டு: மாசி, பங்குனி வெயிலில் மரம் சுருங்குவதால் இரவில் இறுக்கிய ஆப்பு காலையில் ஆடும்; இரண்டு பருவமழையும் பெறும் நம் ஊரில் மழை மாதங்களில் ஊதிப்போய் வெளியே வர மறுக்கும். காலையில் வேலையைத் தொடங்குமுன் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

சட்டமோ ஆப்போ பிடிக்க விளிம்பே இல்லாத மெல்லிய ஒட்டுவேலைப் பூக்களுக்குச் செய்தித்தாள் முறை இருக்கிறது. அடிப்பலகையில் ஃபெவிகால் தடவி, செய்தித்தாளை ஒட்டி, அதன்மேல் மறுபடி ஃபெவிகால் தடவி, செதுக்கும் துண்டை அழுத்தி ஓர் இரவு பாரம் வைத்தால் சுற்றிலும் தடையற்ற பரப்பு கிடைக்கும். அடிப்பலகையை ஆப்புப் பலகையில் பூட்டிக்கொள்ளலாம். முடிந்ததும் அகன்ற உளியை ரேகையோட்டமாக இணைப்பில் வைத்து மெல்லத் தட்டினால், மரம் உடையாமல் தாள் இரண்டாகப் பிளந்து, பாதி எழுத்துகள் பூவின் அடியிலும் பாதி பலகையிலும் நிற்கும். மிச்சத் தாளை ஈரத்துணி வைத்து ஊறவிட்டுத் துடைக்கவேண்டும். மழைக்காலத்தில் பசை காய ஓர் இரவு போதாது, இரண்டு நாள் விடுங்கள்.

முழு உருவச் சிலைக்கு மேற்சொன்ன எதுவும் உதவாது. அதற்கு அடியிலிருந்து வரும் திருகுதான் வழி. மேசையில் துளையிட்டு, கீழிருந்து ஒரு தடித்த திருகைக் கட்டையின் அடிப்பாகத்தில் இரண்டு அங்குலமாவது ஏற்றி, மேசைக்கு அடியில் பட்டாம்பூச்சி நட்டால் இறுக்கினால், சிலை நான்கு பக்கமும் திறந்து நிற்கும். நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தினாலே சுழற்றலாம். துளையைப் பீடம் மறைத்துவிடும். பலா, தேக்கு இரண்டிலும் இது நன்றாகப் பிடிக்கும். நடுத்தண்டு மிருதுவான மரத்தில் திருகு தளரும் என்பதால் தண்டை விட்டு ஒதுங்கித் துளையிடவேண்டும்.

உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு உருவங்களைக் கையில் பிடித்துக் கத்தியால் சீவுகிறவர்கள் வெட்டுத்தாங்கும் கையுறையை நம்புகிறார்கள். இடது கைக்கு அதைப் போடுவது நல்லதே, ஆனால் அந்தப் பின்னல் கையுறைகள் கூர்வாய் இழுபட்டுச் செல்லும் வெட்டைத் தடுக்கவே செய்யப்பட்டவை. கத்தி முனை நேராகக் குத்தினால் பின்னலின் இடையே நுழைந்துவிடும். ஆற்றுமணல் நிரப்பிய சாக்குப்பையில் உருவத்தைப் புதைத்துவைத்து முகம், விரல் போன்றவற்றைச் சீவுவது கையில் பிடிப்பதைவிடப் பாதுகாப்பானது. கொட்டாப்புளி அடிக்கு மட்டும் மணல் நிற்காது. சுழலும் பிட் பொருத்திய மின்கருவியை எடுக்கும்போது அந்தக் கையுறையை முதலில் கழற்றிவிடவேண்டும். நூல் ஒன்று பிட்டில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.