சில்வா ஜார்டிம் காட்டில் ஒரு காலை: பொன் சிங்க டாமரின் நடைப்பயணம் பற்றிய மதிப்புரை

பிரேசிலின் 20 ரியால் நோட்டில் அச்சிடப்பட்டிருக்கும் பொன் சிங்க டாமரின் என்ற சிறு குரங்கை அதன் சொந்தக் காட்டிலேயே காண வேண்டும் என்பது எனது நெடுநாளைய ஆசை. சென்ற அக்டோபரில், ரியோ டி ஜெனிரோவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள சில்வா ஜார்டிமுக்குச் சென்று, 1992 முதல் இக்குரங்குகளுக்காகவே இயங்கிவரும் பொன் சிங்க டாமரின் சங்கம் வழிகாட்டியுடன் நடத்தும் காட்டு நடையில் கலந்துகொண்டேன். நம் சோலைகளில் வாழும் சிங்கவால் குரங்குக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை என்பதை, பெயரைக் கண்டு குழம்புவோருக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழிகாட்டியின் கையில் ஓர் ஆன்டெனா இருந்தது. கூட்டத்தில் ஒரு குரங்கின் கழுத்தில் கட்டியிருக்கும் சிறு ரேடியோ கருவியின் ஒலி வலுக்கும் திசை நோக்கி அரை மணி நேரம் நடந்தோம். முதலில் பறவையின் சீழ்க்கை போன்ற குரல்கள் கேட்டன. பிறகு தலைக்கு மேல் ஆறு குரங்குகள் வந்து நின்றன. முழு வளர்ச்சி அடைந்த குரங்கே அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும். அவற்றுள் ஒன்று, மரக்கிளையில் தொற்றி வளர்ந்திருந்த ப்ரோமெலியாட் செடியின் இலையிடுக்கில் தன் மெலிந்த நீண்ட விரல்களை விட்டுத் துழாவி, ஒரு வெட்டுக்கிளியை இழுத்தெடுத்துத் தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. இன்னொன்றின் முதுகில் இரட்டைக் குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அது தாயாக இருக்கும் என்று நினைத்தேன். தந்தை என்றார் வழிகாட்டி. இவ்வினத்தில் தந்தையும் மூத்த பிள்ளைகளும் குட்டிகளைச் சுமப்பதும், பாலருந்த மட்டும் அவற்றைத் தாயிடம் கொடுப்பதும் வழக்கமாம்.

ஒரு குரங்கின் வாலில் கறுப்புச் சாயத்தால் வளையம் இடப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் வாழைப்பழம் வைத்த கூண்டில் குரங்கைப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, எடையும் இரத்த மாதிரியும் எடுத்து, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடுகிறார்கள். அந்த வளையத்தைச் சுட்டிக்காட்டித்தான் வழிகாட்டி, கொசுவால் பரவும் வைரஸ் நோயான மஞ்சள் காய்ச்சலின் கதையைத் தொடங்கினார். என்னைப் பொறுத்தவரை, இந்த நடையின் உண்மையான மதிப்பு அந்தக் கதையில்தான் இருக்கிறது.

அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளின் மூதாதையர் ஏறத்தாழ மூன்று முதல் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்று புதைபடிவங்கள் காட்டுகின்றன. மஞ்சள் காய்ச்சல் வைரஸோ அடிமைக் கப்பல்களோடு சில நூற்றாண்டுகளுக்கு முன்புதான் அங்கு வந்து சேர்ந்தது. அதனோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய ஆப்பிரிக்கக் குரங்குகள் பெரும்பாலும் நோயுறாமல் தப்பிவிடுகின்றன. அந்தப் பழக்கமில்லாத இவை மடிகின்றன. 1970களின் தொடக்கத்தில் சுமார் 200 ஆகக் குறைந்திருந்த பொன் சிங்க டாமரின்கள், 1974இல் அமைந்த போசோ தாஸ் அந்தாஸ் காப்பகத்தாலும், 1984 முதல் உயிரியல் பூங்காக்களிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட குரங்குகளாலும் 2014இல் 3,700 ஆகப் பெருகின. அடுத்து வந்த கொள்ளைநோயில் அந்த எண்ணிக்கை 2,500 ஆகச் சரிந்தது. நோயைப் பரப்புவது கொசு என்பதை அறியாமல், அச்சத்தில் குரங்குகளை அடித்துக் கொன்ற மனிதர்களும் இருந்தார்கள். இதைச் சொல்லும்போது வழிகாட்டியின் குரல் தாழ்ந்தது. எனக்கும் கண் கலங்கியது. 2021 முதல் காட்டுக் குரங்குகளுக்கே தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 2023 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 4,800.

மனிதருக்காக உருவாக்கப்பட்ட தடுப்பூசியே குரங்குகளுக்கும் போடப்படுகிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வரிசையில் நின்று நான் போட்டுக்கொண்ட ஊசியும், அந்தக் குரங்கின் உடலில் ஏற்றப்பட்ட மருந்தும் 1937இல் உருவான 17டி என்ற ஒரே வைரஸ் வகையின் வழிவந்தவை என்று அங்கு நின்றபோது நினைத்துப் பார்த்தேன்.

நடை முடிந்ததும் பி.ஆர்-101 நெடுஞ்சாலைக்கு மேல் 2020இல் கட்டி முடிக்கப்பட்ட விலங்குப் பாலத்தையும் காணலாம். துண்டுபட்ட காடுகளை இணைப்பதற்காக அதன்மேல் மரங்கள் நடப்பட்டுள்ளன. நான் சென்ற நாளில் எந்த விலங்கும் அதைக் கடக்கவில்லை.

எனக்கு ஏற்பட்ட ஒரே மனக்குறை, காரும் விடுதியும் ஏற்பாடு செய்த பயண முகவர் மீதுதான். தடுப்பூசிச் சான்று தேவையே இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். அதை நம்பியிருந்தால் திரும்பும்போது விமான நிலையத்தில் சிக்கியிருப்பேன். பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் சான்று இல்லையெனில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும் என்பதால், முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிகளைக் காண விரும்புவோர் அக்டோபர், நவம்பரில் செல்வது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஈரமான சரிவுகள் சிரமம் தரும். நமக்கு உதட்டில் சாதாரணப் புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் இக்குடும்பக் குரங்குகளின் உயிரையே பறிக்கக்கூடியது. ஆகவே உதட்டுப் புண்ணோ சளியோ இருந்தால், முன்பதிவுத் தொகை போனாலும் பரவாயில்லை, அன்று காட்டுக்குள் செல்லாதீர்கள்.