மீஞ்சூரில் ஒன்றரை வருஷம், திருவொற்றியூரில் மூன்றாவது வருஷம்

வேலை சென்னை பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில். சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். வயது நாற்பத்தொன்று, தனி ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடு தேடப் போனால் புரோக்கரும் முதலில் இதைத்தான் கேட்பார். "எத்தன பேர் மேடம்?" "நான் மட்டும்தான்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "பாக்குறேன், கஷ்டம்."

ஏழு வருஷம் ஹாஸ்டலில் இருந்து சலித்துப்போய் 2022 ஜனவரியில் மீஞ்சூருக்குக் குடிபோனேன். நான் போட்ட கணக்கு ரொம்ப எளிது. புது வீடு, மாடியில் சிங்கிள் பெட்ரூம், வாடகை 6,500. ஹாஸ்டலில் மூன்று பேரோடு ஒரு பாத்ரூமைப் பங்கு போட்டதற்கு இதைவிட ஐநூறு ரூபாய் அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரயில் டிக்கெட் பத்து ரூபாய், சீசன் எடுத்தால் அவ்வளவுகூட ஆகாது. வரைபடத்தில் பார்த்தால் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் கோட்டில் முக்கால்வாசி தூரம்கூட இல்லை. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

ரயிலைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தப் பாதை வெறும் லோக்கல் பாதை இல்லை. சென்ட்ரலிலிருந்து கூடூர், விஜயவாடா வழியாக வடக்கே போகிற எக்ஸ்பிரஸும் இதில்தான் ஓடுகிறது. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் சரக்கு வண்டியும் இதில்தான். அத்திப்பட்டைத் தாண்டினால் எல்லாவற்றுக்கும் இரண்டே தண்டவாளம். எக்ஸ்பிரஸ் தாமதமாக வந்தால் அதற்கு வழிவிட்டு நம் வண்டி நிற்கும். கால அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்குள் என்று போட்டிருப்பதை நம்பி ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போடும் வேலைக்குப் போக முடியாது. ஒரு வண்டி முன்னாலேயே பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, நடைமேடையில் நிற்கும்போது "பீச்சா, மூர் மார்க்கெட்டா?" என்று ஒரு கேள்வி காதில் விழுந்துகொண்டே இருக்கும். பீச் வண்டி கிடைத்தால் எனக்கு யோகம், இறங்கி சாலையைக் கடந்தால் அலுவலகம். ஆனால் பெரும்பாலான வண்டி சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸுக்குத்தான் போகும். அங்கிருந்து பாரிமுனைக்கு பஸ். முகப்பில் பிங்க் பூசிய பஸ் வந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

லேடீஸ் பெட்டியை மட்டும் இன்றைக்கும் தேடுகிறேன். சாயந்திரம் திரும்பும் வண்டியில் பொன்னேரி அக்காமார்கள் பையிலிருந்து அவரைக்காயை எடுத்துப் புடவை மடியில் கொட்டிக்கொண்டு நார் உரிக்க ஆரம்பிப்பார்கள். கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் என் மடியிலும் ஒரு கைப்பிடி விழும். "சும்மா தானே உக்காந்திருக்க, நீயும் உரி." எண்ணூர் வரும்போது ராத்திரிப் பொரியல் தயாராக இருக்கும், அவர்கள் வீட்டுக்கு.

மீஞ்சூரில் என்னைத் தோற்கடித்தது ரயில் இல்லை, பகல். நான் பகலில் வீட்டில் இருக்க மாட்டேன். வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இதை வீடு பார்க்கும்போது நான் யோசிக்கவே இல்லை. குடும்பமாக இருப்பவர்கள் யோசிக்கத் தேவையில்லை, மாமியாரோ பிள்ளையோ யாராவது கதவைத் திறப்பார்கள்.

சிலிண்டர் விஷயத்தைக் கேளுங்கள். பதினொன்றரைக்கு போன் வரும். "மேடம், கேஸ். வீட்டுல ஆள் இருக்கா?" நான் அப்போது பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்கப் படிவத்தில் எண் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். "பக்கத்து வீட்ல குடுத்துடுங்கண்ணா, ஓடிபி சொல்றேன்." "எந்தப் பக்கத்து வீடு மேடம்? ரெண்டு பக்கமும் காலி மனை." அவர் சொன்னது சரிதான். புது லேஅவுட், கல் நட்ட மனைகள், நடுவில் சீமைக் கருவேலம், எங்கள் வீடு. வீட்டு ஓனர் இருந்தது திருநின்றவூரில். மூன்று முறை சிலிண்டர் வந்து திரும்பிப் போயிற்று. பதினோரு நாள் பிரட், ஓட்ஸ், மின்சார அடுப்பில் ரசம். நாலாவது முறை அரை நாள் லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன், அன்றைக்கு அவர் வரவில்லை.

தண்ணீரும் இதே கதை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரைக் கணக்கில்லாமல் உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே ஏறி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குக்கரின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெள்ளை. காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளைக்குப் பத்து கோடி லிட்டர் குடிநீர் எடுக்கிற ஆலை 2010 முதல் இருக்கிறது, பக்கத்தில்தான். அந்தத் தண்ணீர் என் குழாய்க்கு வரவில்லை. கேன் போடும் பையன் வருவதும் பகலில்தான். கேனை மாடிப்படிக் கீழே வைத்துவிட்டுப் போவான், இருபது லிட்டரை ராத்திரி ஒன்பது மணிக்கு நான் ஏற்றுவேன்.

ராத்திரி என்றதும் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை உள்ள இரண்டு கிலோமீட்டர் ஞாபகம் வருகிறது. எட்டரைக்கு மேல் ஷேர் ஆட்டோ அபூர்வம். தெருநாய்களுக்கு என் செருப்புச் சத்தம் பழக நாலு மாசம் ஆனது. ஊர் மேல் குற்றமில்லை. வட காஞ்சி என்று பேர் வாங்கிய ஊர், ஏகாம்பரநாதரும் வரதராஜரும் இருக்கிறார்கள், கடைத்தெரு நன்றாக இருக்கும். பழைய மீஞ்சூருக்குள் ஒரு போர்ஷன் பிடித்திருந்தால் நான் அங்கேயே இருந்திருக்கலாம். புது வீடு, வெளிச்சம், டைல்ஸ் என்று ஆசைப்பட்டேன்.

இரண்டாவது தடவை வீடு தேடும்போது புரோக்கரிடம் நான் கேட்ட கேள்வி அவருக்கே விசித்திரமாக இருந்தது. "பதினொரு மணிக்கு வாசல்ல யார் உக்காந்திருப்பாங்க?" வார நாளில் லீவு போட்டு, பகல் பதினொரு மணிக்குத்தான் வீடு பார்த்தேன். எர்ணாவூரில் ஒன்று மலிவாக வந்தது, தெருவே பூட்டிக் கிடந்தது. மணலிக்கு ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. ராயபுரத்தில் பார்த்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

திருவொற்றியூரில் தேரடிப் பக்கம் ஒரு சந்து, ஒரே காம்பவுண்டில் ஆறு போர்ஷன். வாசற்படியில் வீட்டு ஓனரின் அம்மா. நான் கேட்டைத் திறந்ததும், "இன்னாம்மா, வீடு பாக்க வந்தியா? தனியாவா?" என்றார். நான் "ஆமாம் ஆயா" என்றதற்கு, "சரி, ராத்திரி கேட்டு பூட்டுறது பத்தரைக்கு" என்றார். மௌனம், கஷ்டம், எதுவும் இல்லை. 2023 ஜூனில் சாமான் இறக்கினேன்.

வாடகை 9,000, இரண்டாயிரத்து ஐநூறு கூடுதல். அட்வான்ஸ் 70,000. வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால். அந்த "இல்லாவிட்டால்" வழியாகத்தான் எட்டு மாசமும் பத்து மாசமும் நுழைந்துவிடுகிறது. பேரம் பேசிப் பத்தாயிரம் குறைத்தேன்.

மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது. தேரடி ஸ்டேஷன் மட்டும் 2022 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஏறி உட்கார்ந்தால் இருபது நிமிஷம் போல மண்ணடி. காசு ரயிலைவிடப் பல மடங்கு, கார்டில் இருபது சதவீதம் தள்ளுபடி போகவும் கை கடிக்கும். காலையில் ரயில், ராத்திரி மெட்ரோ என்று பிரித்துக்கொண்டேன். பதினொரு மணி வரை வண்டி உண்டு என்கிற நினைப்பே பாதி நிம்மதி. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நாட்களில் பீச் ஸ்டேஷன் எதிரே நின்று ஒரு தட்டு அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம்.

இனி கெட்டது. ஜன்னல் விளிம்பைக் காலையில் ஈரத்துணியால் துடைத்தால் சாயந்திரம் விரல் வைத்தால் கருப்பு. வெள்ளைத் துப்பட்டாவை மொட்டைமாடியில் காயப்போடுவதை விட்டுவிட்டேன். காற்று திரும்பினால் ஆலை நாற்றம், எந்த ஆலை என்று ஆயா மூக்காலேயே சொல்வார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும். டூவீலர் வாங்கலாம் என்ற யோசனையை அந்த வரிசையைப் பார்த்தே கைவிட்டேன். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி எங்கள் ஊர்க் கோயில் ஆதிபுரீஸ்வரர் கவசமில்லாமல் தரிசனம் தரும் மூன்று நாளும் சன்னதித் தெருவுக்குள் ஆட்டோ நுழையாது. அதை மட்டும் கெட்டதில் சேர்க்க மாட்டேன்.

வந்த வருஷமே டிசம்பரில் எல்லாம் சேர்ந்து வந்தது. 4ஆம் தேதி மிக்ஜாம் புயல், கரண்ட் போய் எங்கள் சந்தில் மூன்று நாள். பிறகு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசிவு. 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிவு, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். எனக்கு எதுவும் தெரியாது, மின்விசிறிச் சத்தத்தில் செத்த பிணம் மாதிரித் தூங்குவேன். ஒரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ஆயா, கையில் டார்ச்சு, தலையில் ஈரத்துண்டு. "எண்ணூர்ல கேஸாம். ஜன்னல மூடு. போனு பக்கத்துல வெச்சிக்க." எங்கள் சந்துக்கு நெடி வரவில்லை. ஆனால் எர்ணாவூரில் பார்த்த அந்தப் பூட்டிய தெருவை நினைத்தபடி விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆயாவுக்கும் விலை உண்டு. "ஏன் லேட்டு?" "யாரு அந்தப் பையன், பைக்ல வந்து உட்டது?" "ஞாயித்துக்கிழம கறி எடுக்கலியா?" எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். கேட் பத்தரைக்குப் பூட்டிவிட்டால் போன் செய்து எழுப்ப வேண்டும், திட்டும் வாங்க வேண்டும். யாருக்கும் பதில் சொல்லாமல் வாழ வேண்டும் என்று தனியாக இருப்பவர்களுக்கு இந்தச் சந்து ஆகாது. மீஞ்சூர் லேஅவுட் ஆகலாம், அடுப்புக்கு வேறு வழி வைத்துக்கொண்டால்.

சிலிண்டர் இப்போது இப்படி வருகிறது: நான் ஓடிபியை ஆயாவுக்கு போனில் சொல்வேன், அவர் அதை டெலிவரிக்காரரிடம் உரக்கக் கத்துவார், ஆறு போர்ஷனுக்கும் கேட்கும். சாயந்திரம், "முப்பது ரூபா குடுத்தேன், குடு."

போன மாசம் ஆயா கும்மிடிப்பூண்டியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். என் சிலிண்டர் இரண்டு தடவை திரும்பிப் போயிற்று. மற்ற ஐந்து போர்ஷனிலும் பகலில் ஆள் இருப்பது இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். முட்டி வலிக்குத் தைலம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார், மண்ணடியில் ஒரே ஒரு கடையில்தான் அது கிடைக்குமாம். இன்றைக்கு ஒரு வண்டி முன்னால் பிடிக்க வேண்டும்.